டெலிஹேண்ட்லரா, ஃபோர்க்லிஃப்டா: கட்டடத் தளத்துக்கு ஏற்றதைத் தெரிவு செய்யும் முறை

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் மாடிக் கட்டடம் எழுப்பும் ஒருவர், சீமெந்தையும் கல்லையும் ஏற்றி இறக்க இயந்திரம் வாடகைக்கு எடுக்கப் போனால், முதலில் கேட்பது "எத்தனை தொன் தூக்கும்?" என்பதுதான். மூன்று தொன் ஃபோர்க்லிஃப்டும் கிடைக்கிறது, நான்கு தொன் டெலிஹேண்ட்லரும் கிடைக்கிறது; எண்கள் கிட்டக்கிட்ட இருப்பதால் வாடகை குறைந்ததையே எடுத்துவிடுகிறார்கள். அதற்கு முன் அளந்து எழுதிக்கொள்ள வேண்டியவை மூன்று இருக்கின்றன: பாரம் லொறியிலிருந்து எங்கே இறங்குகிறது, கடைசியில் எங்கே போய் அமர வேண்டும், இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள நிலம் எப்படிப்பட்டது. இவை கையில் இல்லாமல் தொன் கணக்கைப் பேசுவதில் பயனில்லை.

ஃபோர்க்லிஃப்ட் பாரத்தை நேர் மேலே தூக்கும் இயந்திரம். முன்னால் நிமிர்ந்து நிற்கும் மாஸ்ட் என்ற சட்டத்தில், பாரத்தைத் தாங்கும் இரட்டைக் கரமான ஃபோர்க் ஏறி இறங்கும்; பின்புறத்தில் பொருத்தியிருக்கும் கனத்த இரும்பு எடை, முன்சக்கரங்களைத் தராசின் முள்ளாகக் கொண்டு, பாரத்தைச் சமன் செய்து நிற்கும். டெலிஹேண்ட்லரில் மாஸ்ட் கிடையாது. அதில் ஒன்றுக்குள் ஒன்று செருகியிருந்து நீளும் கை, அதாவது பூம், இருப்பதால், பாரத்தை உயர்த்துவதோடு முன்னே நீட்டியும் வைக்கலாம். ஜேசிபி நிறுவனம் 1977இல் லோடோல் என்ற பெயரில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அந்த வரிசையில் 540-170 என்று எழுதியிருந்தால், 4 தொன் பாரம், ஏறத்தாழ 17 மீற்றர் உயரம் என்று வாசிக்க வேண்டும். ஆனால் அந்த இரண்டையும் ஒரே வேளையில் அந்த இயந்திரம் தராது. இதைப் புரிந்துகொள்ளாமல் எடுத்த இயந்திரங்கள்தான் தளத்தில் பாதி நாள் சும்மா நிற்கின்றன.

ஃபோர்க்லிஃப்டிலும் இதே சங்கதி உண்டு, அளவில் சிறியதாக. அதன் தகட்டில் 3,000 கிலோ என்ற எண்ணின் பக்கத்தில் 500 மில்லிமீற்றர் என்றும் இருக்கும். ஃபோர்க்கின் செங்குத்து முகத்திலிருந்து பாரத்தின் நடுப்புள்ளி அந்த 500 மில்லிமீற்றருக்குள் இருந்தால் மட்டுமே 3,000 கிலோ செல்லும். கணக்குக்காக, முன்சக்கர அச்சிலிருந்து ஃபோர்க் முகம் 450 மில்லிமீற்றர் தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றரை மீற்றர் ஆழமான பெட்டி ஒன்றை எடுத்தால் அதன் நடு 750 மில்லிமீற்றரில் விழும். 3,000ஐ 950ஆல் பெருக்கி 1,200ஆல் வகுத்தால் வருவது 2,375 கிலோ. பெட்டி கொஞ்சம் ஆழமானதாக இருந்ததற்கே அறுநூறு கிலோவுக்கு மேல் போய்விட்டது. மாஸ்ட்டை உயர்த்த உயர்த்த இன்னும் குறையும். 50 கிலோ சீமெந்து மூட்டை நாற்பதை அடுக்கிய பெலட் (ஃபோர்க் நுழையும் மரத் தட்டு) 2 தொன்தான், அதை இந்த இயந்திரம் சிரமமின்றி எடுக்கும். 12 மீற்றர் நீளக் கம்பிக் கட்டை எடுக்கப் போனால், எடை பொருந்தினாலும், இரு முனைகளும் தொய்ந்து துள்ளும், திரும்பும்போது ஆறு மீற்றர் தூரத்தில் நிற்பவரையும் அடிக்கும். கம்பிக்குப் பூம் டிரக், அதாவது கிரேன் பொருத்திய லொறி, அழைப்பதே நல்லது.

டெலிஹேண்ட்லரில் இந்தத் தராசுக் கணக்கு பூம் அசையும் ஒவ்வொரு கணமும் மாறுகிறது. அதனால்தான் ஒப்பரேட்டரின் இருக்கைக்கு அருகே பார அட்டவணை வைத்திருக்கிறார்கள். கீழே இயந்திரத்தின் படம், படுக்கைக் கோட்டில் முன்னே நீளும் தூரம், நிலைக்கோட்டில் உயரம், நடுவே விசிறி விரித்தாற்போல வளைகோடுகள், ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் ஓர் எடை. வாசிக்கும் விதத்தை ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன். மூன்றாம் மாடித் தளம் 9.6 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. சாரம் ஒன்றரை மீற்றர் வெளியே நிற்கிறது, அதற்கு வெளியே ஒரு மீற்றர் இடம் விட்டுத்தான் இயந்திரம் நிற்க முடியும், பெலட்டின் நடு தளத்தின் விளிம்பிலிருந்து ஒரு மீற்றர் உள்ளே அமர வேண்டும். ஆக முன்னே மூன்றரை மீற்றர் நீள வேண்டும். அட்டவணையில் மூன்றரையிலிருந்து ஒரு விரலை மேலேயும், தளத்தின் மேல் பெலட்டைத் தாண்டி இறக்குவதற்கான இடைவெளியையும் கூட்டி 10.5 மீற்றரிலிருந்து இன்னொரு விரலைக் குறுக்கேயும் கொண்டுபோய், இரண்டும் சந்திக்கும் வளையத்தின் எடையைப் பாருங்கள். அந்த எடைக்குள் பாரமும் பெலட்டும் அடங்க வேண்டும். தூரம் முன்சக்கரத்திலிருந்து அளக்கப்பட்டதா, இயந்திரம் சரியாமல் நிலத்தில் இறக்கி ஊன்றும் தாங்குகாலிலிருந்தா என்பதை அதே படம் காட்டும். கோட்டின்மேல் விரல் விழுந்தால் குறைந்த எடையையே எடுக்க வேண்டும்.

பாரம் போய்ச் சேரும் புள்ளியை மட்டும் பார்ப்பதும் போதாது. வழியில் பூம் தாழ்ந்து முன்னே நீண்டிருக்கும் நிலைதான் பெரும்பாலும் மிக மோசமானது. நான்கு தொன் என்று பெயர் வாங்கிய இயந்திரமும் பூமை முழுதாக முன்னே நீட்டிய நிலையில் சில நூறு கிலோவையே தாங்கும். தாங்குகால் இறக்கியதற்கு ஓர் அட்டவணை, இறக்காததற்கு இன்னொன்று என்று தனித்தனியே இருக்கும். கொழும்பின் ஒடுங்கிய காணிகளில் தாங்குகாலை விரிக்க இடம் கிடைக்காமல் போவது உண்டு. அப்படியானால் இரண்டாவது அட்டவணைதான் உங்களுடையது. வாடகைக்குத் தருபவரிடம் இந்த அட்டவணைகளை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள்.

இனி நிலம். இதை நான் எல்லாவற்றையும் விட முக்கியமாக எண்ணுகிறேன், காரணமும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நான் மேற்பார்வை செய்த ஒரு தளத்தில், பழைய வீட்டை இடித்துச் சமப்படுத்திய காணியில் டெலிஹேண்ட்லரை நிறுத்தி, கல் பெலட்டை மேலே அனுப்பிக்கொண்டிருந்தோம். நான்காவது பெலட் மேலே போகும்போது இடப்பக்கத் தாங்குகாலின் அடியில் மண் சத்தமே இல்லாமல் தாழ்ந்தது. ஒரு சாண் இறங்குவதற்குள் ஒப்பரேட்டர் பூமை உள்ளே இழுத்துப் பாரத்தைக் கீழே கொண்டுவந்துவிட்டார். முன்னே நீட்டியபடியே அவர் இறக்கியிருந்தால் இயந்திரம் முன்னோக்கிக் கவிழ்ந்திருக்கும். மதிலுக்கு அப்பாலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மா பிறகு சொன்னார்: "முந்தி அதிலதான் தம்பி கிணறு இருந்தது. வீட்டை இடிக்கேக்க அந்தக் கல்மண்ணையே போட்டு மூடினவை." அவரிடம் முதல் நாளே கேட்டிருக்க வேண்டியது என்னுடைய வேலை, நான் கேட்கவில்லை.

ஆகவே பழைய வீட்டுக் காணியாக இருந்தால் கிணறும் மலக்குழியும் எங்கே இருந்தன என்று அயலில் விசாரியுங்கள். தாங்குகாலும் சக்கரமும் படும் எல்லா இடங்களிலும் அலவாங்கால் குத்திப் பாருங்கள். பாதுகாப்பான இடம் என்று தெரிந்த பின்னும், தாங்குகாலின் கீழ் தடித்த மரக்கட்டைகளோ இரும்புத் தகடோ விரித்துப் பாரத்தைப் பரப்புங்கள். அடித்தளத்துக்குத் தோண்டிய பள்ளம் பக்கத்தில் இருந்தால், பள்ளம் எவ்வளவு ஆழமோ குறைந்தது அவ்வளவு தூரம் விளிம்பிலிருந்து விலகியே சக்கரமோ தாங்குகாலோ நிற்க வேண்டும். கொலன்னாவை, கோட்டே பக்கங்களில் சதுப்பு நிலத்தை நிரப்பிய காணிகளில் இந்த அளவும் போதாது. அங்கே பொறியியலாளரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்வதே முறை.

ஃபோர்க்லிஃப்டுக்கோ நிலம் இன்னும் கடுமையான நிபந்தனை. திண்ம டயர், சிறிய பின்சக்கரம், தரையிலிருந்து ஒரு சாண்கூட உயராத அடிப்பாகம் என்பதால், ஒக்டோபர், நவம்பர் மழைக்குப் பின் சிவப்பு மண்ணில் அது தானாக வெளியே வராது. லொறி நிற்கும் இடத்திலிருந்து கட்டடம்வரை ஏபிசி கல் (வீதி அடித்தளத்துக்குப் போடும் பலவளவுக் கல் கலவை) பரப்பி இறுக்கி உருட்டியிருந்தால், அல்லது கொங்கிரீட் தரை இருந்தால், அப்போது மட்டும் அதை யோசிக்கலாம். பெரிய காற்று டயர் போட்ட, கரடுமுரடான தரைக்கென்றே செய்த ஃபோர்க்லிஃப்டும் இருக்கிறது, ஆனால் அதுவும் நேர் மேலேதான் தூக்கும்.

ஒழுங்கையின் அகலத்தை அளவு நாடாவால் அளந்துவிடுங்கள், கண் மதிப்பு வேண்டாம். 14 மீற்றருக்கு மேல் எட்டும் டெலிஹேண்ட்லர் ஏறத்தாழ 2.3 மீற்றர் அகலமும், ஃபோர்க் இல்லாமலே ஆறு மீற்றர் அளவு நீளமும், பத்துத் தொன்னுக்கு மேல் எடையும் கொண்டது. மூன்று தொன் ஃபோர்க்லிஃப்ட் ஒன்றேகால் மீற்றர் அகலமே. டெலிஹேண்ட்லரில் நான்கு சக்கரமும் திரும்பும் வசதியும், நண்டு போலச் சாய்வாக நகரும் வசதியும் இருப்பதால் உள்ளே சமாளித்துவிடும். சிக்கல் வாசலில்தான், அதுவும் எதிர் மதிலோடு ஒட்டி மின்கம்பம் நின்றால். மேலே கம்பிகள் ஓடுகின்றனவா என்பதையும் அப்போதே நிமிர்ந்து பாருங்கள். ஓடினால், அப்பகுதிக்கு மின் வழங்கும் நிறுவனத்திடம் பேசி முடிக்கும்வரை பூம் உயரக்கூடாது.

கட்டடம் எழும்பி, தரை போட்டு, மாபிளும் ஓடும் கதவு நிலைகளும் வந்து இறங்கும் கட்டத்தில் நிலைமை தலைகீழாகும். அப்போது ஃபோர்க்லிஃப்டுக்கு நிகரில்லை. கொள்கலனில் சரக்கு வந்தால் அதன் வாசல் உயரம் 2.28 மீற்றர் என்பதை நினைவில் வைத்து, மாஸ்ட் உயராமலே ஃபோர்க் மட்டும் உயரும் வகையைக் கேட்டு எடுங்கள். நிலத்தடி வாகனத் தரிப்பிடத்தில் வேலை என்றால் பற்றரியில் ஓடுவதையே எடுங்கள். காற்றோட்டமில்லாத இடத்தில் டீசல் புகை ஆளை மயக்கும். ஆனால் அந்தத் தளம் கார்களுக்காகக் கணக்கிட்டது. மூன்று தொன் ஃபோர்க்லிஃப்ட் பாரத்துடன் ஏழு தொன்னைத் தாண்டும், அதில் பெரும்பங்கு இரண்டு முன்சக்கரங்களில் மட்டும் இறங்கும். இறக்குவதற்கு முன் பொறியியலாளரின் சம்மதம் தேவை.

மேல் மாடியிலும் இதே எச்சரிக்கை. டெலிஹேண்ட்லர் இருப்பதால் முழுப் பெலட்டையும் ஒரே மூச்சில் தளத்தில் வைக்க மனம் வரும். வீடுகளின் தளம் வழமையாகச் சதுர மீற்றருக்கு 150 கிலோ அளவிலான பாவனைப் பாரத்துக்கே வடிவமைக்கப்படுகிறது. 1.2 மீற்றருக்கு 1 மீற்றர் பெலட்டில் 2 தொன் சீமெந்து என்றால் சதுர மீற்றருக்கு 1,600 கிலோவுக்கு மேல், அதாவது பத்து மடங்கைத் தாண்டும். கீழே முட்டு நிற்கும் இடத்தில், தூணுக்கும் பீமுக்கும் அருகே, பாதிப் பாதியாக வையுங்கள்; வைத்தவுடன் ஆட்கள் பிரித்துப் பரப்பட்டும்.

ஐந்தாறு மாடிக்கு மேல் போனால் இந்த இரண்டையும் விட்டு, கிரேனையோ ஹொயிஸ்டையோ பாருங்கள். இரண்டு மாடிக்குள், நல்ல தரையில், நாள் முழுதும் பெலட் நகர்த்தும் வேலைக்கு ஃபோர்க்லிஃப்ட். இடையில் உள்ள உயரங்களுக்கும், பள்ளம், சாரம், மதில் ஆகியவற்றைத் தாண்டி நீட்டி வைக்க வேண்டிய இடங்களுக்கும் டெலிஹேண்ட்லர். என் அனுபவத்தில், கட்டடம் எழும்பும் மாதங்களில் டெலிஹேண்ட்லரை வாரத்துக்கு இரண்டு நாள் எடுத்து, எல்லா ஏற்றத்தையும் அந்த நாட்களுக்குள் அடுக்கிக்கொள்வது, மலிவான ஃபோர்க்லிஃப்டை மாதம் முழுதும் வைத்திருப்பதைவிடச் செலவு குறைவாகவே வந்திருக்கிறது.

வாடகை பேசும்போது மணிக்கணக்கா நாட்கணக்கா, டீசலுடனா டீசல் இன்றியா, ஒப்பரேட்டர் அவருடையவரா, இயந்திரத்தை ஏற்றி வரும் லொறிச் செலவு யாருடையது என்பவற்றைக் கடதாசியில் எழுதி வாங்குங்கள். பாரம் தூக்கும் இயந்திரம் தகுதி பெற்றவரால் பரிசோதிக்கப்பட்ட சான்றிதழையும் கேளுங்கள். தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது, அதைப் பார்த்துக்கொள்ளும் பிரிவும் தொழில் திணைக்களத்தில் இயங்குகிறது. இயந்திரம் வந்து இறங்கும் காலையில், நீங்கள் கேட்ட மாதிரி எண்ணும் தகட்டில் உள்ள எண்ணும் ஒன்றா, அட்டவணை அந்த மாதிரிக்குரியதா, மாட்டியிருப்பது ஃபோர்க்கா வேறு கருவியா என்று பாருங்கள். கருவி மாறினால் அட்டவணையும் மாறும். பிறகு ஒப்பரேட்டரைக் கூட்டிக்கொண்டு லொறி நிற்கும் இடத்திலிருந்து பாரம் அமரும் இடம்வரை ஒருமுறை நடந்து, தாங்குகால் படும் இடங்களைச் சுண்ணாம்பால் குறித்துக் கொடுத்த பின் முதல் பெலட்டைத் தூக்கச் சொல்லுங்கள்.