குழித்தட்டில் மிளகாய் நாற்று: வேலூர் வெயிலுக்கு ஏற்ற முறை

ஆடிப் பட்ட நடவுக்கு வைகாசிக் கடைசியிலேயே விதை தட்டில் விழ வேண்டும். குழித்தட்டு (சிறு குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டு) நாற்று 35 நாளில் நடவுக்கு வரும். கத்திரி வெயில் முடிந்தும் வேலூர், ஆற்காடு பக்கம் அனல் தணியாத நேரம் அது. மேட்டுப்பாத்தியைவிடத் தட்டுதான் தோது.

60-க்கு 45 செ.மீ. இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 15,000 நாற்று வேண்டும். 98 குழித் தட்டு 165 வாங்கினால் சேதாரமும் அதில் அடங்கும். வீரிய ஒட்டு விதை 80 முதல் 100 கிராம். தட்டு கனமானதாக இருக்கட்டும், மெல்லிசு தட்டு வேண்டவே வேண்டாம்.

தட்டுக்கு 1.2 கிலோ வீதம் மக்கிய தென்னை நார்க்கழிவு 200 கிலோ பிடிக்கும். அதை முதலில் அலசி உப்பைப் போக்க வேண்டும். பாலாற்றங்கரையில் தோல் தொழிற்சாலைகள் உள்ள ஊர்களில் போர் தண்ணீரே உப்பாக இருக்கும், அதில் எத்தனை முறை அலசினாலும் பயனில்லை. அலசவும், முதல் 15 நாள் பாசனத்துக்கும் நல்ல தண்ணீராகப் பாருங்கள். குழியின் மேல் வெள்ளைப் படிவு, இலை ஓரத்தில் கருகல் தெரிந்தால் அது உப்பு; நோய் என்று மருந்தடிக்காதீர்கள்.

அலசியதோடு வேப்பம் புண்ணாக்கு 3 கிலோ, உயிர் உரங்களான அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா தலா 700 கிராம் கலக்கவும். பிழிந்தால் உருண்டை நிற்கணும், தண்ணீர் சொட்டக் கூடாது.

சொந்த விதையென்றால் கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (நோயைத் தடுக்கும் நுண்ணுயிர்ப் பொடி) கலந்து ஊன்றலாம். சாயம் பூசிய பாக்கெட் விதைக்கு ஏற்கெனவே மருந்து ஏறியிருக்கும், அப்படியே போடுங்கள். அரை செ.மீ. ஆழம், குழிக்கு ஒரு விதை.

பிறகு பத்துப் பத்துத் தட்டாக அடுக்கி, பாலித்தீன் தாளால் மூடி, கூரைக்கொட்டகையில் வையுங்கள். தகரக் கொட்டகை ஆகாது, உள்ளே வெந்துவிடும்.

பலருக்கும் நாற்று கெடுவது இந்த இடத்தில்தான். ஆறு நாள் மூடி வைப்பது என்பது பொதுக் கணக்கு. நம் ஊர் சூட்டில் முளைப்பு முந்தலாம். நான்காம் நாளிலிருந்து காலை மாலை இருவேளையும் நடு அடுக்குத் தட்டை எடுத்துப் பாருங்கள். பத்துக் குழியில் ஒன்றிரண்டில் வெள்ளைத் தண்டு கொக்கி போல் வளைந்து மேலே வந்தாலே அடுக்கைப் பிரித்து நிழல்வலைக்குள் பரப்பிவிட வேண்டும். எல்லாம் முளைக்கட்டும் என்று ஒரு நாள் தள்ளினால் தண்டு வெளுத்து நூலாக நீண்டுவிடும். அதைத் தேற்ற முடியாது, அழுகலும் முதலில் அதைத்தான் பிடிக்கும்.

50 சதவீத நிழல்வலை போதும், 75 போட்டால் நாற்று ஒல்லியாகும். பூச்சிகள் நுழைவதைக் குறைக்கச் சுற்றிலும் 40 மெஷ் பூச்சிவலை கட்டுங்கள்.

தண்ணீர் காலையில், பொடித்துளைப் பூவாளியால். காய்ந்தால் மதியம் லேசாக இன்னொரு முறை. இருட்டும்போது இலை ஈரமாக இருக்கக் கூடாது. தண்டு தரையோடு வெந்நீர் பட்டதுபோல் மெலிந்து சாய்ந்தால் நாற்றழுகல். சாய்ந்ததைப் பிடுங்கிவிட்டு, லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கலந்து வேர்ப்பகுதியில் ஊற்றுங்கள். இதோடு சூடோமோனாஸைக் கலக்காதீர்கள், அந்த நுண்ணுயிர் செத்துவிடும்.

பிறகு சேர்த்தது: ‘இலை வெளுக்கிறதே’ என்று கேட்பவர்களுக்கு: நார்க்கழிவில் சத்து குறைவு. 18-ஆம் நாள் 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ளது) லிட்டருக்கு 5 கிராம் தெளியுங்கள். யூரியா வேண்டாம், நாற்று கொழுத்துச் சாயும்.

கடைசி ஒரு வாரம் வலையைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கி, தண்ணீரையும் குறையுங்கள். நடவுக்கு முன் ஒன்றை உருவிப் பார்த்தால் வேர் சுற்றிய கட்டி உதிராமல் வர வேண்டும். உதிர்ந்தால் இரண்டு நாள் பொறுங்கள்.