உழுந்து வெளிறினால் யூரியா வீசுவதற்கு முன்: மண் நுண்ணங்கிகளை நம்பிக் கமம் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டு, நவம்பரில் அந்தத் தடை நீங்கிய பின்னரும் ஓர் அந்தர் யூரியாவின் விலை சாதாரண கமக்காரரின் கைக்கு எட்டாத உயரத்தில் நின்ற காலத்தை வன்னியில் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அதன் பின்னர்தான் உயிருள்ள நுண்ணங்கிகளைக் கொண்ட உயிர்ப்பசளை, கூட்டெரு, நோய்ப் பங்கசுகளை அடக்கும் பங்கசான ட்ரைக்கோடேர்மா என்ற சொற்கள் வயல் வரம்புகளில் சாதாரணமாகப் புழங்கத் தொடங்கின. புதிதாக இந்த வழிக்கு வரும் இளையவர்கள், எங்கள் கமங்களில் முன்பு நடந்த அதே பிழைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்க முடியவில்லை. உயிர்ப்பசளைப் பொதியை வெயிலில் வைக்கக்கூடாது, காலாவதித் திகதியைப் பார்த்து வாங்க வேண்டும் என்பனவெல்லாம் பொதியின் பின்புறத்திலேயே அச்சிடப்பட்டிருக்கின்றன. ஆகவே அவற்றை விட்டுவிடுகிறேன்.

மூன்றாம் கிழமையில் யூரியா வீசுதல்

இந்தத் தவறைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். வவுனியா, நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கங்களில் மேட்டுநிலச் செங்கபில மண்ணில் காலபோக மழையை நம்பி உழுந்து விதைக்கிறோம். விதை முளைத்து இரண்டு மூன்று கிழமைகளில் பயிர் சற்று வெளிறும். விதைக்குள் இருந்த நைதரசன் தீர்ந்துபோய், நைதரசனைப் பிடித்துக் கொடுக்கும் பற்றீரியாக்கள் குடியிருக்கும் வேர்ச் சிறுகணுக்கள் இன்னும் முழுமையாக வேலை தொடங்காத இடைக்காலம் அது. பயிர் பசியோடு இருப்பது உண்மைதான். ஆனால் அந்தப் பசிதான் வேரைப் பற்றீரியாக்களைத் தேட வைக்கிறது. நைதரசன் போதாத வேர் மண்ணுக்குள் சில சேர்வைகளைக் கசியவிட, அவற்றை உணர்ந்த பற்றீரியாக்கள் தம் பங்குக்கு வேறொரு சேர்வையைச் சுரக்க, வேர்மயிர் சுருண்டு அவற்றை உள்ளே எடுத்துக்கொள்ள, அந்த இடத்தில் கணு பருக்கத் தொடங்குகிறது. வளியில் 78 வீதம் நைதரசன். அதை எடுத்துப் பயிருக்குக் கொடுக்கும் வேலையைச் செய்வதற்குப் பற்றீரியாக்களுக்குச் சீனி வேண்டும், அந்தச் சீனியைப் பயிர்தான் தன் இலையில் செய்து வேருக்கு இறக்க வேண்டும். யூரியாவிலிருந்து வரும் நைத்திரேற்று மண்ணில் தாராளமாகக் கிடைத்தால், பயிர் அந்தச் செலவை ஏற்காது. புதிய கணுக்கள் உருவாவது குறையும். உருவான கணுக்களுக்கும் சீனி சரியாக இறங்காது.

நெடுங்கேணிப் பக்கம் தம்பி ஒருவர் இரண்டு ஏக்கரில் உழுந்து போட்டிருந்தார். விதைக்கு முறையாக உயிர்ப்பசளை பூசி, நிழலில் உலர்த்தி, ஈரமண்ணில் விதைத்தவர். பயிர் வெளிறியதும் பசளைக் கடையில் கேட்டிருக்கிறார். அவர்கள் யூரியா வீசச் சொல்லியிருக்கிறார்கள். வீசிய சில நாட்களில் வயல் கரும்பச்சையாகிவிட்டது. பக்கத்து வயற்காரர்களும் வந்து பார்த்து மெச்சினார்கள். "அண்ணை, யூரியா போட்டபடியாத்தான் பயிர் தப்பினது" என்று அவர் என்னிடம் சொன்னபோது, ஒரு மண்வெட்டி கொண்டுவரச் சொன்னேன். பூக்கத் தொடங்கியிருந்த நேரம் அது. வயலின் நடுவில் கிண்டிய செடிகளின் வேரில் கடுகளவில் சில கணுக்கள் மட்டும் இருந்தன. நகத்தால் பிளந்தால் உள்ளே வெள்ளை. பிறகு வீசிய கை எட்டாத வரம்போரத்துக்குப் போனோம். அங்கே செடிகள் சற்றுக் குள்ளமாகவும் இளம்பச்சையாகவும் நின்றன. ஆனால் ஆணிவேரின் கழுத்தைச் சுற்றிக் கணுக்கள் கொத்துக் கொத்தாக அப்பியிருந்தன, பிளந்தவுடன் விரலில் சிவப்பு ஒட்டியது. அறுவடையின்போது நடுவயலில் இலையும் கொடியும் நிறைந்திருந்தன, காய் குறைவு. செழித்த இலைக்குள் வெண்ணீயும் (வெள்ளை ஈ) தங்கியது. உயிர்ப்பசளைக்குச் செலவழித்த பணமும் வீண், யூரியாவுக்குச் செலவழித்த பணமும் வீண். பயிரின் வேரை ஒருமுறைகூடப் பார்க்காமல் மேசைக்கு அப்பால் இருந்தபடி ஆலோசனை சொல்லும் வழக்கத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

ஆகவே, வெளிறிய பயிரைக் கண்டால் முதலில் வேரைப் பாருங்கள். செடியைக் கையால் பிடுங்கினால் கணுக்கள் மண்ணுக்குள்ளேயே அறுந்துவிடும். பிடுங்கிப் பார்த்துவிட்டுக் கணுவே இல்லை என்று முடிவு கட்டியவர்கள் பலர். செடியிலிருந்து ஒரு சாண் தள்ளி மண்வெட்டியை இறக்கி, மண்கட்டியோடு தூக்கி, ஒரு வாளித் தண்ணீரில் ஊறவிட்டு, மண் தானாகக் கரைந்த பின் வேரை மெதுவாக அலசுங்கள். வயலில் ஓரிடத்தில் மட்டுமல்லாமல் நாலைந்து இடங்களில் இப்படிப் பார்க்க வேண்டும். கணுவின் உட்புறம் சிவப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ இருந்தால் அது வேலை செய்கிறது. எங்கள் இரத்தத்தின் சிவப்புக்குக் காரணமான பொருளுக்கு உறவான லெக்ஹீமோகுளோபின் என்ற புரதம்தான் அந்த நிறத்தைத் தருகிறது. நைதரசனைப் பதிக்கும் நொதியத்தை ஒட்சிசன் கெடுத்துவிடாமல் அதன் அளவை அது மட்டுப்படுத்தி வைக்கிறது. வெள்ளையாக இருந்தால் இன்னும் தொடங்கவில்லை, அல்லது பயனற்ற பற்றீரியா குடியேறியிருக்கிறது. பச்சையாகவோ மண்ணிறமாகவோ இருந்தால் அதன் வேலை முடிந்துவிட்டது.

வெளிறுவதெல்லாம் நைதரசன் குறைவாலும் அல்ல. கார்த்திகை மழையில் இரண்டு மூன்று நாள் தண்ணீர் தேங்கினால் வேருக்கும் கணுவுக்கும் வளி கிடைக்காமல் பயிர் மஞ்சளிக்கும். அதற்கு வேண்டியது வடிகால். இலையில் மஞ்சளும் பச்சையும் திட்டுத்திட்டாகத் தெரிந்தால் அது வெண்ணீ பரப்பும் மஞ்சள் மொசைக் வைரசு. எந்தப் பசளையும் அதை மாற்றாது. அடியிலைகள் ஒரே சீராக வெளிறினால்தான் நைதரசனைச் சந்தேகிக்க வேண்டும்.

யூரியாவுக்கு நான் எதிரி அல்ல. விதைக்கும்போது அடிக்கட்டாகக் கொடுக்கும் சிறிய அளவு கணுக்களைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. பூக்கும் தறுவாயிலும் சிவந்த கணுக்களைக் காணவில்லை என்றால், அந்தப் போகத்துக்கு யூரியா கொடுத்துப் பயிரைக் காப்பாற்றுவதே சரி. வேரைப் பார்க்காமல் கொடுப்பதைத்தான் தவறு என்கிறேன்.

பங்கசு நாசினி பூசிய விதையில் உயிர்ப்பசளை பூசுதல்

கடையில் வாங்கும் விதை சிவப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ சாயமேறியிருந்தால், அதில் பெரும்பாலும் கப்டான், தீராம் போன்ற ஏதோவொன்று பூசப்பட்டிருக்கும். இவை பங்கசுக்கென்று செய்யப்பட்டவை என்றாலும் வேர்க்கணுக்களில் வாழும் பல றைசோபியப் பற்றீரியாக்களையும் கொல்லக்கூடியவை. அப்படிப்பட்ட விதையில் உயிர்ப்பசளையைப் பூசாமல், நன்கு உக்கிய கூட்டெருவோடு கலந்து விதைசாலில் இடுங்கள். அளவு கூடுதலாகத் தேவைப்படும்; ஆனால் உயிரோடு வேரைச் சேரும்.

விதையை டீ.எஸ்.பி.யோடு கலந்து வீசுதல்

வேண்டாம், அந்தப் பொசுபரசுப் பசளையின் அமிலம் விதையில் பூசிய பற்றீரியாவைக் கொல்லும்.

எல்லா அவரையத்துக்கும் ஒரே பொதி

சோயாவுக்கென்று வளர்க்கப்பட்ட பற்றீரியா சோயாவின் வேரைத்தான் அறியும். கச்சானிலோ உழுந்திலோ அதனிடம் பயனை எதிர்பார்க்க முடியாது. கச்சான், உழுந்து, பயறு, கௌபி ஆகியவை பெரும்பாலும் ஒரே கூட்டத்துப் பற்றீரியாக்களை ஏற்பவை, அவை எங்கள் மண்ணில் இயல்பாகவே வாழ்பவை. ஆகவே தொடர்ந்து இந்தப் பயிர்களைச் செய்துவந்த நிலத்தில் உயிர்ப்பசளையால் பெரிய மாற்றம் தெரியாமல் போகலாம். நீண்டகாலம் பயிரின்றிக் கிடந்து மீண்டும் திருத்தப்பட்ட காணியிலும், நெடுங்காலம் நெல் மட்டும் செய்த வயலிலும் அதன் பயன் கூடுதலாகத் தெரியும். பெயர்த்துண்டில் எந்த நுண்ணங்கி, எந்தப் பயிருக்கு என்று எழுதாத போத்தலை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.

வைக்கோலை உழுதுவிட்டு அடுத்த கிழமையே விதைத்தல்

வைக்கோலை எரிக்காமல் மண்ணுக்குக் கொடுப்பவர்களை மதிக்கிறேன். அவர்களில் பலர் தவறுவது நாட்கணக்கில்தான். நெல் வைக்கோலில் நைதரசனைப் போல் அறுபது எழுபது மடங்கு காபன் இருக்கிறது. அதை உக்கவைக்கும் நுண்ணங்கிகள் தம் உடலைக் கட்டுவதற்குத் தேவையான நைதரசனை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும்போது, முளைத்த நாற்றுக்கு ஒன்றும் மிஞ்சாது. முதல் மழைக்கு உழுது, ஈரத்தோடு இரண்டு மூன்று கிழமைகளாவது விட்டுவிட்டு விதையுங்கள். மாட்டெரு அல்லது கிளிசரியா இலை சேர்த்தால் இன்னும் விரைவில் உக்கும்.

காலபோகம் முடிந்தபின் நிலத்தை வெறுமையாக விடுதல்

இரணைமடு, முத்தையன்கட்டு போன்ற குளங்களின் கீழ் இல்லாத மேட்டுநிலங்கள் மாசி தொடங்கிப் புரட்டாதி வரை வெறுமையாகக் கிடக்கின்றன. வேர்களுக்குள் வாழ்ந்து பயிருக்குப் பொசுபரசைத் தேடிக் கொடுக்கும் மைக்கோறைசாப் பங்கசுக்கு உயிருள்ள வேரே வீடு. வேர் இல்லாத மாதங்களில், அதிலும் உழவு இயந்திரத்தால் திரும்பத் திரும்பப் புரட்டப்பட்டுச் சோளகக் காற்றில் காய்ந்த மண்ணில், அது குறைந்துபோகும். அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் நீண்ட தரிசுக்குப் பின் பயிர் வளர்ச்சி குன்றுவதற்கு இதுவே காரணம் என்று கண்டறிந்திருக்கிறார்கள். மாசி ஈரத்தில் எள்ளோ பயறோ தூவிவிட்டால், அறுவடை சொற்பமானாலும் வேர் இருக்கும். தேவையில்லாத உழவைக் குறையுங்கள்.

கோவாவுக்கும் முள்ளங்கிக்கும் மைக்கோறைசா வாங்குதல்

அந்தக் குடும்பம் அந்தப் பங்கசை ஏற்காது. மிளகாய், கத்தரி, வெங்காய நாற்றுமேடைக்குக் கொடுங்கள்.

நோய் வந்தபின் ட்ரைக்கோடேர்மா ஊற்றுதல்

ட்ரைக்கோடேர்மா நோய்ப் பங்கசுக்கு முன்னதாக இடம்பிடித்துக்கொள்ள வேண்டிய ஒன்று. கழுத்தழுகிச் சாய்ந்த கச்சான் செடியை அது எழுப்பாது. விதைப்பதற்கு முன் உக்கிய எருவில் கலந்து, ஈரமாக மூடி, சில நாட்கள் பரவவிட்டு மண்ணில் சேர்க்க வேண்டும். அதன் பிறகு அதே மண்ணில் பங்கசு நாசினி ஊற்றக்கூடாது. அதுவும் ஒரு பங்கசுதான்.

அறுவடையோடு எல்லாவற்றையும் அள்ளிச் செல்லுதல்

உழுந்து செய்தால் மண்ணில் நைதரசன் சேர்ந்துவிடும் என்று நம்பிக்கொண்டு, செடியை வேரோடு பிடுங்கி, முற்றத்தில் அடித்து, கொடியை ஒரு மூலையில் குவித்து எரிப்பவர்கள் இருக்கிறார்கள். பதித்த நைதரசனின் பெரும்பங்கு விதையிலும் கொடியிலுமே இருக்கிறது; வேரில் மிஞ்சுவது குறைவு. முடிந்தவரை அடியில் அறுத்து வேரை நிலத்தில் விடுங்கள். அடித்த கொடியை மாட்டுக்குப் போட்டால், அந்தப் பட்டி எருவை அதே காணிக்குத் திருப்பிக் கொண்டுவாருங்கள்.