டோக்கியோவில் முதல்முறை ஓமகாசே சாப்பிடப் போகிறவர்களுக்கு

டோக்கியோவின் கின்சா பக்கத்து உயர்தர சூஷிக் கடையில் (சூஷி என்றால் வினிகர் கலந்த சோற்றுப் பிடியின் மேல் மீன் துண்டு) உட்கார்ந்து மெனு கார்டைத் தேடாதீர்கள், பெரும்பாலும் இருக்காது. 'ஓமகாசே' என்றால் 'உங்கள் பொறுப்பில் விட்டுவிட்டேன்' என்று அர்த்தம். எந்த மீன், எந்த வரிசை என்பதெல்லாம் சமையல்காரர் பாடு.

முதலில் முன்பதிவு. பல கடைகளில் பத்துப் பேர் உட்காரும் கவுண்டர்தான் மொத்தக் கடையும், எல்லாருக்கும் ஒன்றாகத்தான் பரிமாற ஆரம்பிப்பார்கள், அதனால் தாமதமாகப் போகவே கூடாது. கடைசி நேரத்தில் ரத்து செய்தால் முழுப் பணத்தையும் பிடித்துக்கொள்ளும் கடைகள் உண்டு. நண்டு, இறால் ஒத்துக்கொள்ளாது என்றால் அதையும் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். சென்ட் அடித்துக்கொண்டு போகாதீர்கள், மீன் வாசனையை அது கெடுத்துவிடும்.

உட்கார்ந்ததும் 'ஓஷிபோரி' என்கிற ஈரத் துண்டு வரும். கையை மட்டும் துடையுங்கள், முகத்தை அல்ல.

அடுத்து சாக்கே, அதாவது அரிசியில் செய்யும் ஜப்பானிய மது. அரிசியை எவ்வளவு தீட்டுகிறார்கள் என்பதை வைத்துத்தான் ரகம்: தீட்டியபின் 60 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ மிஞ்சினால் கின்ஜோ, 50 அல்லது அதற்குக் கீழே என்றால் தைகின்ஜோ. 'ஜுன்மாய்' என்று இருந்தால் வடித்த ஆல்கஹால் சேர்க்காதது. பெயர்களைப் பார்த்துக் குழம்பினால் 'ஜுன்மாய் கின்ஜோ, குளிராக' என்று கேளுங்கள், ஆரம்பத்துக்கு அது போதும். சாக்கேயை அளக்கும் ஒரு 'கோ' என்பது 180 மில்லி. ஆல்கஹால் 15 சதவீதம் அளவில் இருக்கும், ஆனால் தண்ணீர் மாதிரி இறங்கும், ஆகவே கூடவே தண்ணீரும் குடியுங்கள். துணைக்கு ஆள் இருந்தால் அவர் கிண்ணத்தில் நீங்கள் ஊற்றுங்கள், உங்களுக்கு அவர் ஊற்றுவார்.

சரி, சூஷி வந்துவிட்டது. கையால் எடுத்துச் சாப்பிடலாம், நமக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை! ஒரே வாயில் போட்டுவிடுங்கள். சோறு உடம்புச் சூட்டில் இருக்கும்போதே சாப்பிட வேண்டும் என்பதுதான் கணக்கு. நான் முதல்முறை போனபோது ஒரு துண்டை நாலு கோணத்தில் படம் எடுத்துக்கொண்டிருக்க, எதிரே நின்ற சமையல்காரர் ஒன்றும் சொல்லாமல் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வசாபி என்கிற காரமான பச்சை விழுதை உள்ளேயே வைத்து, சாஸையும் மேலே தடவித்தான் பெரும்பாலும் தருவார்கள், அதனால் சோயா சாஸைத் தேடாதீர்கள். தனியாகக் கொடுத்திருந்தால் மீன் பக்கத்தை லேசாகத் தொட்டுக்கொள்ளுங்கள், சோற்றைத் தோய்த்தால் உதிர்ந்துவிடும். ஊறவைத்த இஞ்சி ஒரு மீனுக்கும் அடுத்த மீனுக்கும் நடுவே வாயைச் சுத்தப்படுத்த, சூஷிமேல் வைத்துச் சாப்பிட அல்ல.

பொதுவாக லேசான வெள்ளை மீனில் தொடங்கிக் கொழுப்பு ஏறிக்கொண்டே போகும். சூரை மீனிலேயே மூன்று ருசி: சிவந்த அகாமி, நடுத்தரக் கொழுப்புள்ள சூடோரோ, நாக்கில் கரையும் ஓடோரோ. எல்லாரும் ஓடோரோவைத்தான் புகழ்வார்கள், என் ஓட்டு அகாமிக்கு. முட்டை அடை வந்தால் முடியப்போகிறது என்று புரிந்துகொள்ளலாம். வயிற்றில் இடமிருந்தால் அப்போது பிடித்ததை இன்னொன்று கேட்கலாம், அதற்குத் தனிக் காசு.

டிப்ஸ் வைக்காதீர்கள், அங்கே அந்த வழக்கம் இல்லை. எழும்போது, சாப்பாட்டுக்கு நன்றி என்கிற அர்த்தத்தில் 'கொச்சிசோசாமா' என்று சொல்லுங்கள். சமையல்காரரே வாசல்வரை வந்து வழியனுப்பினால், தெருமுனையில் ஒருமுறை திரும்பிப் பாருங்கள், அவர் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருக்கலாம்.