களத்தில் மல்லாட்டை காயும்போது சாயங்கால இடிமழையைக் கணிப்பது எப்படி

நன்றாகக் காய்ந்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே பருப்பு கலகலக்கும். எங்கள் வந்தவாசிப் பக்கத்தில் அந்தப் பதம் வர நாலைந்து நாள் நல்ல வெயில் வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் ஒரு வைகாசியில், பதம் வந்த அன்றைக்கே அடித்த மழையில் 18 மூட்டை நனைந்துவிட்டது. தோடு கறுத்து, பருப்பில் பூஞ்சை பிடித்து, பாதி விலைக்குத்தான் போனது. அதற்கப்புறம் வானத்தைக் கவனிக்காமல் நான் களத்தில் காய் பரப்புவதில்லை.

காலையில் முதல் வேலை, வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கை. அதில் இடத்தைச் சொல்லும் வார்த்தைகளுக்குக் கணக்கு உண்டு. ‘ஓரிரு இடங்களில்’ என்றால் மழை பதிவாகும் இடங்கள் நூற்றுக்கு 25-க்குள். ‘ஒருசில இடங்களில்’ என்றால் 50 வரை, ‘அநேக இடங்களில்’ என்றால் 75 வரை. ‘ஓரிரு’ என்று வந்தால் தைரியமாகப் பரப்புவேன். ‘அநேக’ என்று வந்தால் பாதிக் காயைக் கொட்டகையிலேயே விட்டுவிடுவேன்.

மதியம் இரண்டு மணியிலிருந்து மேற்கே, ஜவ்வாது மலைப் பக்கம் பார்க்க வேண்டும். தலைக்கு மேலே வானம் நீலமாக இருப்பதை நம்பாதீர்கள். தரை கொதித்து மேலே கிளம்பும் சூடான காற்று மலைப்பக்கம் முதலில் மேகமாகத் திரளும். காலிஃபிளவர் பூ மாதிரி, ஓரம் கத்தியால் வெட்டியதுபோலத் தெளிவாக இருக்கிறதா? அது இன்னும் வளர்கிற மேகம். உச்சி தட்டையாகப் பரந்து, ஓரம் பஞ்சு பிய்த்தமாதிரி ஆகிவிட்டால் அங்கே மழை கொட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து காற்று. மூன்று, நாலு மணிக்குக் கடற்காற்று எங்கள் ஊர் வரை வந்து சேரும். உடம்பு பிசுபிசுக்கும், துண்டைப் பிழிந்தால் வேர்வை சொட்டும். கிழக்கிலிருந்து இந்த ஈரம் ஏறிவர, மேற்கேயிருந்து மேல்காற்று தள்ள, இரண்டும் முட்டும் இடத்தில்தான் புது மேகம் எழும்பும். மலையில் மேகமும் ஊரில் கடற்காற்றும் ஒரே நாளில் அமைந்தால் நான் ஆளைக் கூப்பிட்டுவிடுவேன்.

போனில் சென்னை ரேடார் படத்தையும் பாருங்கள். ஒரே படம் போதாது. அரை மணி இடைவெளியில் இரண்டு பார்த்தால்தான் பலத்த மழையைக் காட்டும் சிவப்புத் திட்டு எந்தத் திசையில், எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று தெரியும். அந்த வேகத்தில் நம் ஊருக்கு எத்தனை மணிக்கு வரும் என்று மனக்கணக்கே போடலாம். ஆனால் திட்டுக்கு முன்னால் திடீரென்று புதிதாக ஒன்று முளைப்பதும் உண்டு. அதனால் கணக்குப்படி வரும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே குவித்துவிடுவேன். குவித்து, தார்ப்பாய் போட்டு, ஓரத்தில் கல் வைக்க மூன்று பேருக்கு முக்கால் மணி ஆகிறது. மண்வாசனையோடு குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தபிறகு ஓடினால், பத்து நிமிடம்கூடக் கிடைக்காது.

மின்னல் விஷயத்தில் காயைவிட உயிர் பெரிது. ‘தாமினி’ செயலி 20, 40 கிலோமீட்டர் சுற்றளவில் விழும் மின்னலைக் காட்டும். போன் கையில் இல்லாவிட்டால் மின்னல் வெட்டியதும் நொடிக்கு ஒன்றாக எண்ணுங்கள். மூன்று எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் ஒரு கிலோமீட்டருக்குள். முப்பதுக்குள் கேட்டாலே, தார்ப்பாய் பாதியில் இருந்தாலும் அப்படியே போட்டுவிட்டு ஓட்டு வீட்டுக்குள்ளோ மெத்தை வீட்டுக்குள்ளோ போய்விடுங்கள். பனைமரத்தடியும் மோட்டார் கொட்டகையும் வேண்டாம். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வரவேண்டும். இதை எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

மறுநாள் விடிந்ததும் தார்ப்பாயைப் பிரித்துவிடுங்கள். ராத்திரி முழுக்க அடியில் புழுங்கி, துணியின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்கும். அது காய்மேல் சொட்டாமல் ஒரு பக்கமாகச் சுருட்டி எடுங்கள். களம் காய்ந்தபிறகு மெல்லிசாகப் பரப்பி, மேற்கே ஒரு பார்வை.