வோட்காவையும் விஸ்கியையும் நாவால் பிரித்தறிவது எப்படி: டர்பன் வீட்டு மேசையில் ஒரு செய்முறை

வோட்கா உருளைக்கிழங்கில் செய்வது, விஸ்கி பார்லியில் செய்வது, வித்தியாசம் அவ்வளவுதான் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். இது பெரும்பாலும் தவறு. உலகில் விற்கும் வோட்காவில் மிகுதியானது கோதுமை, ரை, மக்காச்சோளம் போன்ற தானியங்களில் செய்யப்படுவதே; நாம் இங்கே தென்னாப்பிரிக்காவில் மீலி என்று சொல்லும் மக்காச்சோளத்திலிருந்தே இரண்டையும் செய்ய முடியும். வடிக்கும்போது தானியத்தின் மணத்தை எவ்வளவு நீக்குகிறார்கள், பின்னர் மரம் எவ்வளவு சேர்க்கிறது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. இதை ஒரே மாலைப்பொழுதில், மூன்று கிளாஸ்களை வைத்து நீங்களே உறுதி செய்துகொள்ளலாம்.

முதல் படி: வாங்குதல்

சுவையூட்டி எதுவும் சேர்க்காத, தானியத்தில் செய்த வோட்கா ஒன்றும், மக்காச்சோள விஸ்கி ஒன்றும், முளைகட்டிய பார்லியில் (மால்ட்) செய்த ஸ்காட்லாந்து விஸ்கியான ஸ்காட்ச் ஒன்றும் தேவை. மக்காச்சோள விஸ்கிக்கு வெளிநாடு தேட வேண்டியதில்லை: மேற்குக் கேப் மாகாணத்தின் வெலிங்டனில் உள்ள ஜேம்ஸ் செட்ஜ்விக் வடிசாலையில் உருவாகும் பெயின்ஸ் கேப் மவுன்டன் முழுக்க முழுக்க தென்னாப்பிரிக்க மக்காச்சோளத்தில் செய்யப்படுவது. லேபிளில் மது அளவையும் பாருங்கள். தென்னாப்பிரிக்கச் சட்டப்படி இங்கு விற்கும் விஸ்கியும் வோட்காவும் 43 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. விமான நிலையக் கடையிலிருந்து யாரோ கொண்டுவந்த புட்டியில் 40 என்று இருக்கலாம். அளவு வேறுபட்டால் தொண்டையில் எரிச்சலும் வேறுபடும், அதையே சுவை என்று நினைத்து ஏமாந்துவிடுவோம்.

இரண்டாம் படி: ஊற்றும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது

ஆடி மாதத்தில் மீலி மாவைக் கரைத்துப் புளிக்கவைத்துக் கூழ் காய்ச்சும் வீடுகளில் வளர்ந்தவர்களுக்குப் புளிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மாவுச்சத்தை ஈஸ்ட் நேரடியாக மதுவாக மாற்றாது. முதலில் அது சர்க்கரையாக வேண்டும். முளைகட்டிய கேழ்வரகில் காய்ச்சிய கஞ்சி இனிப்பதற்குக் காரணமான அதே நொதிகள்தாம் முளைகட்டிய பார்லியாகிய மால்ட்டிலும் இருந்து இந்த வேலையைச் செய்கின்றன. அந்தச் சர்க்கரைக் கரைசலில் ஈஸ்ட்டைச் சேர்த்தால், சில நாட்களில் ஏறத்தாழ பீர் அளவு மதுச்சத்துள்ள கலங்கிய நீர் கிடைக்கும். இதுவரை வோட்காவுக்கும் விஸ்கிக்கும் பெரிய பேதம் இல்லை.

பேதம் வடிகலத்தில் தொடங்குகிறது. ஸ்காட்லாந்தின் மால்ட் விஸ்கியைச் செம்புக் கலத்தில் வழக்கமாக இருமுறை வடித்து, சுமார் 70 சதவீத அளவில் நிறுத்திவிடுவார்கள். தானியத்தின் எண்ணெய்ப் பசையும் பழ வாசனையும் அதில் தங்கியிருக்கும். வோட்காவோ உயரமான தூண் கலத்தில் மேலே மேலே ஏறி, ஐரோப்பிய விதிப்படி குறைந்தது 96 சதவீதம் எட்டிய மதுவிலிருந்து செய்யப்படுகிறது. அந்த உயரத்தில் தானியம் தன் அடையாளத்தைப் பெரும்பாலும் இழந்துவிடுகிறது. மக்காச்சோள விஸ்கியும் தூண் கலத்தில்தான் வடிகிறது, ஆனால் ஸ்காட்லாந்து விதியில் எந்த விஸ்கியும் 94.8 சதவீதத்துக்குக் கீழேயே நிற்க வேண்டும். அதாவது வோட்காவின் வாசல்வரை சென்று, உள்ளே நுழையாமல் பீப்பாய்க்குத் திரும்பிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பீப்பாய்தான் விஸ்கியின் பாதி உயிர். வோட்காவைக் கரியில் வடிகட்டி, தண்ணீர் கலந்து, உடனே புட்டியில் அடைக்கலாம். விஸ்கியோ இங்கும் ஸ்காட்லாந்திலும் குறைந்தது 3 ஆண்டு மரத்துக்குள் இருந்தாக வேண்டும். ஓக் மரத்தைச் சுட்டுச் செய்த பீப்பாயில், மரத்தின் லிக்னின் என்ற பொருள் சிதைந்து வனிலாவின் மணமும், வேறொரு பொருளால் தேங்காய் மணமும் மதுவில் இறங்குகின்றன. கரிந்த உட்புறம் புது மதுவின் கந்தக வாடையை உறிஞ்சிக்கொள்கிறது. அமெரிக்காவின் பர்பன் விஸ்கி புதிய ஓக் கலத்தில்தான் இருக்க வேண்டும் என்பது சட்டமாதலால், ஒருமுறை பயன்பட்ட பீப்பாய்கள் ஸ்காட்லாந்துக்கும் வெலிங்டனுக்கும் கப்பலேறுகின்றன. ஸ்காட்லாந்தில் ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிப் போவதைத் தேவதைகளின் பங்கு என்பார்கள். வெலிங்டனின் கோடை வெயிலில் தேவதைகள் இன்னும் தாராளமாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

நிறத்தைக் கொண்டு தீர்ப்பு எழுதாதீர்கள். ஸ்காட்சிலேயே நிறத்துக்காகக் கேரமல் சேர்க்க அனுமதி உண்டு. சென்னையிலிருந்து வரும் உறவினர் பெருமையோடு எடுத்துவைக்கும் மலிவான விஸ்கிகளில் பலவும், கரும்புப் பாகுக் கழிவிலிருந்து வடித்த நிறமற்ற மதுவோடு சிறிது மால்ட்டும் நிறமும் சேர்த்தவை. ஐரோப்பாவில் அவற்றை விஸ்கி என்று விற்க முடியாது. என் கணக்கில் அவை பொன்னிறச் சட்டை போட்ட வோட்காவுக்கே நெருங்கிய சொந்தம்.

மூன்றாம் படி: ஊற்றுதல்

வாய் குறுகிய கண்ணாடி கிளாஸ்கள் மூன்றில் 15 மில்லி வீதம் ஊற்றுங்கள். மொத்தம் 45 மில்லி, மதுக்கூடத்தில் ஊற்றும் 25 மில்லி அளவில் ஏறக்குறைய இரண்டு. ஆகவே அன்றிரவு கார் ஓட்டக் கூடாது, 18 வயது நிரம்பாதவருக்கு இதில் இடமில்லை. வோட்காவைக் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள், குளிர்ச்சி குறைகளை மறைத்துவிடும். நான் முதன்முறை இதைச் செய்தது ஆட்டுக்கறிக் குழம்புச் சாப்பாட்டுக்குப் பிறகு. மூன்று கிளாஸிலும் மசாலாவைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. மாலை ஐந்து மணிபோல், வெறும் ரொட்டித் துண்டு ஒன்றைத் தின்றுவிட்டு உட்காருவது நல்லது.

நான்காம் படி: முகர்தல்

கிளாஸை முகவாய்க்குக் கீழே பிடித்து, வாயைச் சற்றே திறந்துகொண்டு மெல்ல முகருங்கள். மூக்கை உள்ளே விட்டால் எரிச்சல் ஒன்றே மிஞ்சும். வோட்காவில் மருத்துவமனைப் பஞ்சின் வாடையும், கவனித்தால் மெல்லிய ரொட்டி வாசனையும் கிடைக்கும். மக்காச்சோள விஸ்கியில் வனிலா, பாகு காய்ச்சும் வாசனை, உலர்ந்த தேங்காய். ஸ்காட்ச் எந்த ஊரைச் சேர்ந்தது என்பதைப் பொறுத்து மாறும்: ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் பீட் எனும் கரிமண்ணை எரித்த புகையில் பார்லியை உலர்த்துவது வழக்கமாதலால், அறுவடைக்கு முன் கரும்புத் தோட்டத்தைக் கொளுத்தும் நாளில் டர்பனுக்கு வடக்கே நம் கடற்கரையில் வீசும் காற்றை அது நினைவூட்டக்கூடும்.

ஐந்தாம் படி: சுவைத்தலும் தண்ணீரும்

அரைத் தேக்கரண்டி அளவு நாவில் வைத்துச் சற்றுப் பொறுங்கள். வோட்காவுக்குச் சுவையே இல்லை என்பது அநியாயம். அதன் சுவை பெரும்பாலும் தொடு உணர்வில் இருக்கிறது. உருளைக்கிழங்கு வோட்கா கொழகொழப்பாகவும், ரை வோட்கா சற்று மிளகுக் காரமாகவும் படும். இப்போது ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி தண்ணீர் சேருங்கள். வோட்கா மெலியும், அவ்வளவே; விஸ்கி விரியும். புகைமணம் தரும் குவையகால் என்ற மூலக்கூறு, மதுவின் செறிவு குறையும்போது திரவத்தின் மேற்பரப்பை நாடிச் செல்கிறது என்று 2017இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் இருவர் கணினிக் கணக்கீட்டில் காட்டினார்கள். மூக்குக்கு அது எட்டுவதற்கு இதுவே காரணமாகலாம்.

நான்காவது கிளாஸுக்கு மனமிருந்தால், மறுநாள் கேன் ஸ்பிரிட் எனும் நம் ஊர்க் கரும்பு மதுவையும் சோதித்துப் பாருங்கள். 1860இல் ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து வந்து இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளர்களும், அவர்களுக்குப் பின் வந்தவர்களும் நேட்டாலில் வெட்டிய அதே பயிரிலிருந்துதான் அதை வடிக்கிறார்கள். ஆனாலும் உயரே ஏற்றிச் சுத்தமாக்கிவிடுவதால் கிளாஸில் கரும்பைத் தேடினால் கிடைக்காது. வோட்காவுக்குப் பக்கத்து வீடு அது.

கடைசிப் படி: காலி கிளாஸ்

கிளாஸ்களைக் கழுவாமல், எது எதற்கு என்று காகிதத்தில் குறித்து, இரவு முழுவதும் மேசையிலேயே விட்டுவிடுங்கள். காலையில் தேநீருக்கு முன்பே முகர்ந்து பாருங்கள். வோட்கா இருந்த கிளாஸில் வெறும் கண்ணாடி வாசனைதான் இருக்கும். விஸ்கி கிளாஸ்களில் மது போய்விட்டிருக்கும், மரம் மட்டும் இன்னும் அங்கேயே இருக்கும்.