கண்டி ராசா காலத்து நகையா? சோதித்து, எழுதிவைத்து, பிள்ளைகளுக்குக் கொடுப்பது எப்படி

வீட்டிலுள்ள பழைய அட்டியலையோ (கழுத்து நகை) பாம்படத்தையோ (காது நகை) "அரண்மனை நகை" என்று பெரியவர்கள் சொல்லியிருந்தால், அதை உருக்கும் முன், அடகு வைக்கும் முன், பங்கு பிரிக்கும் முன் பதிவு செய்யுங்கள். உருக்கிவிட்டால் சோதிக்க எதுவும் மிஞ்சாது.

பகல் வெளிச்சத்தில் அடிமட்டத்தைப் பக்கத்தில் வைத்து முன்பக்கம், பின்பக்கம், கொக்கி, பற்றவைத்த இடம் எல்லாவற்றையும் படமெடுங்கள். எடையைக் கிராமில் எழுதுங்கள். பாம்படத்தில் மெல்லிய தங்கத் தகட்டுக்குள் அரக்கு நிரப்பியிருப்பது வழக்கம். எடை முழுவதும் தங்கமல்ல. வெந்நீரில் போட்டால் அரக்கு இளகித் தகடு நெளிந்துவிடும். பின்பக்கம் மூடிய கல் நகையை நனைக்கவே வேண்டாம். கல்லுக்கு அடியிலுள்ள தகடு கறுத்துப்போகும். பிறகு எவ்வளவு துடைத்தாலும் கல் ஒளிராது.

காலத்தை அறிய நகையே உதவும். காசுமாலையில் ஆங்கிலப் பவுண் காசுகள் கோத்திருந்தால், அவற்றில் பொறித்துள்ள ஆண்டுகளில் கடைசி ஆண்டுக்கு முன் இந்த மாலை இன்றைய வடிவில் இருந்திருக்காது. செயற்கைச் சிவப்புக் கல் 1880களில்தான் சந்தைக்கு வந்தது, 1902க்குப் பிறகே பரவலானது. ஆனால் விழுந்த கல்லுக்குப் பதிலாகப் பின்னாளில் வேறு கல் பதித்திருக்கலாம், ஆகவே ஒன்றை மட்டும் பார்த்து முடிவுகட்டாதீர்கள். இலங்கையின் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையில் கற்களைப் பரிசோதிக்கக் கொடுக்கலாம்.

அரண்மனைக் கதையை வரலாற்றோடு உரசிப் பாருங்கள். கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815 பெப்ரவரி 18இல் பிடிபட்டான். ஆங்கிலேயப் படையினர் கைப்பற்றிய அரச நகைகள் 1820இல் லண்டனில் ஏலம் போயின. சிம்மாசனமும் கிரீடமும் 1934இல் திரும்பி வந்து கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மலையகத் தமிழரான நம் முன்னோர் தோட்டத் தொழிலாளர்களாகக் கோப்பிக் காட்டுக்கு வந்ததோ 1820களிலிருந்துதான். அப்படி வந்த குடும்பத்தின் நகை தமிழ்நாட்டிலிருந்து கூட வந்ததாகவோ இங்கே செய்வித்ததாகவோ இருக்கவே வாய்ப்பு அதிகம். எங்களைக் கேட்டால், கடல் கடந்து ஒரு பாட்டி காதில் வந்த தண்டட்டிக்கு அரண்மனைப் பெயர் தேவையே இல்லை. யாரிடமிருந்து யாருக்கு, எந்தக் கல்யாணத்தில் கைமாறியது என்று பெரியவர்கள் சொல்லச் சொல்ல, தேதியோடு எழுதுங்கள். பழைய அடகுச் சீட்டு, கடைப் பற்றுச்சீட்டு எதையும் எறியாதீர்கள்.

1815 மார்ச் 2க்கு முந்தைய நகை தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டைவிட்டுக் கொண்டுபோக முடியாது.

வாரிசு விடயத்தில்தான் குழப்பம் அதிகம். கண்டியச் சட்டம் கண்டியச் சிங்களவருக்கு. தேசவழமை யாழ்ப்பாணத் தமிழருக்கு. மலையகத் தமிழருக்குப் பொதுச் சட்டம். மரண சாசனம் (உயில்) இல்லாவிட்டால், இறந்தவரின் சொத்தில் பாதி கணவனுக்கோ மனைவிக்கோ, மறுபாதி ஆண் பெண் வேறுபாடின்றிப் பிள்ளைகளுக்குச் சமமாக. ஒரே நகையை வெட்டாமல் ஒருவருக்குக் கொடுக்க விரும்பினால் சாசனம் எழுதுங்கள்: நொத்தாரிசு (பத்திரங்களை உறுதிப்படுத்தும் சட்ட அலுவலர்) முன் இரண்டு சாட்சிகள், நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள், எல்லோரும் ஒரே நேரத்தில் கூடியிருந்து கையெழுத்திட வேண்டும். நகை பெறப்போகிறவரைச் சாட்சியாக்க வேண்டாம். "என் அட்டியல்" என்று மட்டும் எழுதினால் சண்டை வரும். எடை, கல் எண்ணிக்கை, படம் மூன்றையும் சேருங்கள்.