கோப்பி மெசின் கன நாள் உழைக்க

கோப்பித் தூள் அடைத்த சிறு கப்சூலை ஒரு கோப்பைக்கு ஒன்றாகப் போடும் கோப்பி மெசின்களை வன்னியில் முதலில் கெடுப்பது கிணற்றுத் தண்ணீர்தான். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும் அதே சுண்ணாம்பு மெசினின் மெல்லிய குழாய்க்குள்ளும் படிகிறது. கோப்பி சூடு குறைவது, கோப்பை நிறையாமல் நிற்பது, இரைச்சல் கூடுவது எல்லாம் அதன் அறிகுறிகள். கரைந்த சுண்ணாம்பையும் நீக்கும் RO வடிகட்டியில் வந்த குடிதண்ணீர் ஊற்றினால் படிவு குறையும். கிணற்றுத் தண்ணீர்தான் என்றால் மாதம் ஒருமுறை கழுவ வேண்டும்.

1 லீற்றர் தண்ணீரில் 2 மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலத் தூளைக் கரைத்துத் தொட்டியில் ஊற்றுங்கள். கப்சூல் போடாமல் பாதியை ஓடவிட்டு, அரை மணித்தியாலம் பொறுத்து மீதியை ஓடவிடுங்கள். பிறகு வெறும் தண்ணீர் இரண்டு தொட்டி. தேசிக்காய்ச் சாறு வேண்டாம். அதன் சக்கையே குழாயை அடைக்கும்.

கழுவியும் கோப்பி சொட்டுச் சொட்டாக வந்தால் கப்சூலைத் துளைக்கும் ஊசியில் தூள் அடைத்திருக்கும். பிளக்கைக் கழற்றி, ஆறியபின் நிமிர்த்திய கடதாசிக் கிளிப்பால் குத்தி எடுங்கள். ஊசி கூர், விரல் கவனம்.

கனடாவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த மெசின் என்றால் எல்லாவற்றுக்கும் முன் அடியிலுள்ள லேபலைப் பாருங்கள். 120 வோல்ற் என்றிருந்தால் எங்கள் 230 வோல்ற்றில் நேரே செருகவே கூடாது. 1500 வாற் மெசினுக்கு 230 வோல்ற்றை 120 ஆகக் குறைக்கும், 2000 வாற்றுக்குக் குறையாத ட்ரான்ஸ்போமர் தேவை; அந்தச் செலவைப் பார்த்து, இங்கேயே ஒரு மெசின் வாங்குவதா என்று யோசியுங்கள்.